பிசையாத மாவு

கலியமூர்த்தி எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பாசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்து முடித்த பிறகு மீன்காரன் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையோடு வைத்து ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். எழுபது வயதில் அவர் முழுசாக நம்பியது தன் இரண்டு கைகளை மட்டும்தான்.

அந்தக் கைகளை நம்பலாம். கிள்ளான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் முப்பத்தெட்டு வருடம் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா போட்ட கைகள் அவை. மாவு உருண்டையைத் தட்டி, இழுத்து, வீசித் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிறவன் சட்டையில் எத்தனை பொத்தான் என்று இந்தப் பக்கமிருந்து எண்ணலாம். பந்திங் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. பேப்பரை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் மாவைத் தொட்டால் போதும், அது எந்த மூட்டை மாவு, நேற்றுப் பிசைந்ததா இன்று பிசைந்ததா, பிசைந்தவன் அவசரத்தில் இருந்தானா என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்.

கடையை விட்டு நின்ற பிறகும் அவருக்கு ஒரு ரொட்டிக் கல் மிச்சம் இருந்தது. அவர் வீடு இருந்த குடியிருப்பில், தாமான் என்பார்கள், மாதத்தின் முதல் ஞாயிறு கோத்தோங் ரோயோங் நடக்கும். எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து சாக்கடை வாருவார்கள், புல் வெட்டுவார்கள். பத்து மணிக்கு மேல் தாமான் மண்டபத்தில் கூடிச் சாப்பிடுவார்கள். அங்கே ரொட்டி போடுவது கலியமூர்த்தி. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். பெரிய ஆபீசராக இருந்தவரும் "அண்ணே, கொஞ்சம் மொறுமொறுன்னு" என்று கெஞ்ச வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் அந்தத் தாமானில் அவரைவிடப் பெரிய ஆள் கிடையாது. மாதத்தின் மற்ற நாளெல்லாம் அவர் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் இருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த இடத்தில்தான் சபாபதி கை வைத்தார்.

சபாபதி நான்கு வீடு தள்ளி இருப்பவர். அரசாங்க ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான். மகள் ஷாமினி பிரான்சுக்குப் போய் ஆறு மாதம் கேக்கும் ரொட்டியும் செய்யப் படித்துவிட்டு வந்து, சுபாங் ஜெயாவில் ஒரு காப்பிக் கடையில் வேலை பார்த்தாள். ஒரு கோத்தோங் ரோயோங் அன்று சபாபதி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகள் நேற்றுச் செய்து அனுப்பியதாம். வட்டமாக, மஞ்சளாக, ஓரத்தில் சுருக்கம் வைத்து, உள்ளே முட்டையும் வெங்காயமும் இறைச்சியுமாக ஒரு பண்டம். பெயர் கீஷ் என்றார்.

"என்னது, கீச்சா? எலி கத்துற மாதிரி இருக்கே" என்றார் கலியமூர்த்தி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஒரு துண்டை வாங்கி வாயில் போட்டு மென்றார். நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே அவருக்குக் கொஞ்சம் எரிச்சல். "முட்டை ரொட்டியோட தம்பிதான் இது. இதுக்கா பிள்ளையை பிளேன் ஏத்தி அனுப்பினீங்க?" என்று கேட்டு வைத்தார்.

சபாபதிக்கு முகம் கறுத்துவிட்டது. மகளைத் தொட்டால் அவர் வேறு ஆள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அண்ணே, நீங்க போடுறது அடிச்சு வீசுற வேலை. தோள்ல பலம் இருந்தா யாரும் போடலாம். இது படிச்சவங்க செய்யுற வேலை லா. உங்களுக்கு வராது."

கலியமூர்த்தி கையில் இருந்த மாவைப் பலகையில் வைத்தார். கல்லில் கிடந்த ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் அவர் கல்லில் ஒன்று கருகியது அன்றைக்குத்தான்.

"அடுத்த மாசம் இதே எடத்துல இதைச் செஞ்சு வைக்கிறேன். என் கையால. எவனும் சொல்லிக் குடுக்காம. உங்க மகளையே கூட்டிட்டு வாங்க, அந்தப் பிள்ளையே தின்னுட்டுச் சொல்லட்டும்."

"எவரும் சொல்லிக் குடுக்காமலா?"

"எவரும். முடியலைன்னா இந்த மண்டபத்துல இனிமே மாவுல கை வைக்க மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. ஆனால் சுற்றி நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள்.

மிச்சமிருந்த ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி தங்கமணியின் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, களவு போன வீட்டைப் பார்க்க வந்த போலீஸ்காரர் மாதிரி அதைப் பிரித்துப் பார்த்தார். முட்டை. பால், ஆனால் சாதாரணப் பால் இல்லை, கொழுத்த பால். வெண்ணெய். வதக்கிய வெங்காயம். ஏதோ புளித்த சீஸ். கடைசியில் மூக்கை நெருடிய ஒரு வாசனை. அதை மட்டும் சட்டென்று பிடிக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது பிடிபட்டது. ஜாதிக்காய். பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லை என்றால் உரசிக் கொடுக்கிற சாமான். அதைப் போய் முட்டையில் போடுகிற வெள்ளைக்காரன் மேல் அவருக்குச் சந்தேகமும் வந்தது, கொஞ்சம் மரியாதையும் வந்தது.

சாமான் வாங்கப் பக்கத்து ஊரான மேருவுக்குப் போனார். அங்கே ஹலீமா என்ற பெண் கேக் சாமான் கடை வைத்திருந்தாள். நாகூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். உப்புப் போட்ட வெண்ணெய், போடாத வெண்ணெய் என்று இரண்டு எடுத்து வைத்தாள். இரண்டும் ஒரே விலை. போடாத உப்புக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு உப்புப் போட்டதையே எடுத்துக்கொண்டார். ஓரம் சுருக்கம் வைத்த வட்டத் தட்டு ஒன்றும் வாங்கினார். வீட்டுக்கு வந்து கழுவும்போது தட்டின் அடி தனியாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. உடைந்த சாமானைத் தலையில் கட்டிவிட்டாள் என்று அப்படியே மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். கடையில் இருந்தவர்கள் முன்னால் தட்டை மேசையில் வைத்து நியாயம் கேட்டார். ஹலீமா சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, அலமாரியில் இருந்த பன்னிரண்டு தட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அடியைக் கழற்றிக் காட்டினாள். கீஷ் வெந்ததும் அடியைத் தள்ளினால் உடையாமல் எழும்பி வருமாம். பன்னிரண்டையும் பார்த்த பிறகே அவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டார். அதிலும் முதலில் வாங்கியதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

அவர்கள் வீட்டில் ஒரு ஓவன் இருந்தது. மகன் குரு வீடு மாறிப் போனபோது விட்டுவிட்டுப் போனது. தங்கமணி அதற்குள் சட்டிகளை அடுக்கியிருந்தாள். சட்டிகளை வெளியே எடுத்துவிட்டுக் கலியமூர்த்தி வேலையில் இறங்கினார்.

முதல் கீஷுக்கு அவர் போட்டது சுத்தமான ரொட்டி மாவு. மாவு என்றால் மாவுதானே என்று நினைத்தார். அரை மணி நேரம் அடித்துப் பிசைந்தார், நெய் தடவி ஊற வைத்தார், மறுநாள் காலையில் இழுத்துத் தட்டின் மேல் மேளத்துத் தோல் மாதிரி விறைப்பாக விரித்தார். அதைப் பார்த்து அவருக்கே பெருமையாக இருந்தது. முட்டையும் பாலும் கலந்து ஊற்றி ஓவனுக்குள் தள்ளினார். கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், இழுத்துவிட்ட மாவு பழைய இடத்தை நினைத்துக்கொண்டு நடுவுக்கு ஓடி வந்திருந்தது. ஓரத்தில் சுவரே இல்லை. முட்டையெல்லாம் அடியில் கசிந்து ஓவனுக்குள் ஒழுகிப் புகைந்துகொண்டிருந்தது. வெந்து வந்ததைக் கத்தியால் அறுக்க முடியவில்லை. தங்கமணி ஒரு துண்டை மென்று பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் அவருக்குக் கோபம் வரும்.

ஒன்று சொல்ல வேண்டும். மாவு விஷயத்தில் தங்கமணியை அவர் கிட்டவே சேர்த்தது கிடையாது. வீட்டுச் சப்பாத்திக்குக்கூட அவரேதான் பிசைவார். அவள் பிசைந்தால் ஓரம் வெடிக்கிறது என்பார். அரிசி மாவு மட்டும் அவளுடையது, ஏனென்றால் அரிசி மாவை அவர் மாவு என்றே கணக்கில் வைக்கவில்லை.

இரண்டாவது தடவை தண்ணீரைக் குறைத்து வெண்ணெயைக் கூட்டினார். ஆனால் பிசைவதைக் குறைக்கவில்லை. சரியாக வரவில்லை என்றால் இன்னும் நன்றாகப் பிசைய வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். அது ஓடு மாதிரி வந்தது. கீழே போட்டபோது உடையவில்லை, தரையில் உருண்டது. இதில் ஏதோ ஒரு பவுடர் சேர்க்கிறார்கள், அதை வெளியே சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று முடிவுகட்டி மறுபடி மேருவுக்குப் போய் அந்தப் பவுடரைக் கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்றாள் ஹலீமா. அவர் நம்பாமல் நின்றார்.

"இருந்தா நான் விக்க மாட்டேனா, அண்ணே?" என்றாள்.

அந்த நியாயம் மட்டும் அவருக்குச் சரியாகப்பட்டது. வியாபாரி விற்கிற சாமானை ஒளிக்க மாட்டான். அப்படியென்றால் பவுடர் இல்லை. பவுடர் இல்லை என்றால் குறை கையில்தான். மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது அவர் இரண்டு தடவை சிக்னலில் பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள். சனிக்கிழமை காலை அவர் சமையலறை மேசையில் மூன்றாவது மாவைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் தங்கமணி ஒரு அகன்ற தட்டில் புட்டுக்கு மாவு எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் கையில் தொட்டுத் தெளிப்பதும், விரல் நுனியில் மாவைத் தேய்த்து உதிர்ப்பதுமாக இருந்தாள். அவர் மேசை கிறீச் கிறீச் என்று ஆடியது. அவள் பக்கம் சத்தமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க பிசையறீங்க. அது பிசிறற மாவு."

அவர் கை நின்றது. "என்ன?"

"பிசிறணும். இதோ இந்தப் புட்டு மாவு மாதிரி. பிடிச்சாப் பிடிபடணும், விட்டா உதிரணும். உங்க கை அதை விடவே மாட்டேங்குது."

எப்படித் தெரியும் என்று கேட்டார். சபாபதி மகள் செய்ததில் அவர் பிரித்துப் போட்ட மிச்சத்தை வாயில் போட்டபோதே தெரிந்ததாம். ஓரம் நாக்கில் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்ததாம், ரொட்டி மாதிரி இழுபடவில்லையாம். அப்படியென்றால் மூன்று வாரமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவர் குரலை உயர்த்தினார்.

"எவரும் சொல்லிக் குடுக்காமன்னு ஊரைக் கூட்டிச் சொன்னீங்களே. உங்க பேச்சை நான் கெடுக்கணுமா? இன்னிக்கு வெண்ணெய் வீணாப் போறது பொறுக்கல, வாய் தவறிடுச்சு."

சொல்லிவிட்டுப் புட்டுக் குழலில் மாவை நிரப்பப் போய்விட்டாள்.

கலியமூர்த்தி அரை மணி நேரம் வாசலில் நின்று எதிர்வீட்டு மாமரத்தைப் பார்த்தார். பிசை, பிசிறு. இரண்டு சொல்லும் அவருக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அவர் கைக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. அவள் சொன்னது சரி என்று உள்ளே பட்டதும் இன்னொரு யோசனையும் வந்தது. எவரும் சொல்லித் தரக் கூடாது என்றுதானே பேச்சு. பெண்டாட்டி எப்படி எவரோ ஆவாள்? பெண்டாட்டி வீட்டு ஆள். வீட்டு ஆள் சொன்னால் அது தனக்குத் தானே சொல்லிக்கொண்ட மாதிரிதான். இந்த நியாயத்தை இரண்டு மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டு உள்ளே வந்தார்.

பிசிறுவது லேசில்லை. வெண்ணெயைக் கட்டியாகக் குளிரவைத்துப் பொடியாக நறுக்கி மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்க்க வேண்டும். கல்லுக்குப் பக்கத்தில் நின்றே சூடேறிப்போன கை அது, வெண்ணெய் தொட்டதும் உருகியது. ஒரு பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் வைத்துக்கொண்டு, கையை அதில் முக்கித் துடைத்துத் துடைத்துத் தேய்த்தார். உள்ளங்கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. கொஞ்சம் அசந்தால் தானாக இறங்கி மாவை அழுத்தியது. அப்போதெல்லாம் அடுப்பங்கரையிலிருந்து தங்கமணி இருமினாள். அவளுக்குச் சளி எதுவும் இல்லை.

மாவு மணல் மாதிரி ஆனது. குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துச் சேர்த்துப் பிடித்தார், பிடிபட்டது. பிசையவில்லை. ஓவனில் வைத்தபோது சுவர் நின்றது. அடி மட்டும் வேகாமல் சொதசொதவென்று இருந்தது. அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ரொட்டிக்கும் ஒரு பக்கம் வெந்த பிறகுதானே திருப்பிப் போடுகிறோம் என்று யோசித்து, அடுத்த தடவை வெறும் மாவை மட்டும் முதலில் வேகவிட்டார். அது பூரி மாதிரி எழும்பப் பார்த்தது. முள்கரண்டியால் குத்தி, மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அடக்கினார். இறைச்சிக்குக் கடையில் விற்கும் கோழி ஹாமைத் தொடவில்லை. எந்தக் கோழிக்கு உடம்பு சதுரமாக இருக்கிறது என்று கேட்டார். சாதாரணக் கோழியை மிளகு உப்புப் போட்டுச் சுட்டு, நறுக்கிப் போட்டார். வியாழக்கிழமை ஐந்தாவது கீஷ் வந்தது. தங்கமணி ஒரு துண்டு தின்றாள். பிறகு கேட்காமலே இன்னொரு துண்டை எடுத்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று.

ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல ரொட்டிக்கு எண்பது மாவு உருண்டை பிடித்து நெய்யில் ஊற வைத்துக் கொண்டுபோனார். கூடவே இரண்டு கீஷ். ஷாமினி வந்திருந்தாள், தலைமுடியைக் கட்டையாக வெட்டிய, சிரிக்காத முகம் கொண்ட பெண். அவள் தின்பதற்கு முன்னால் துண்டைத் தூக்கிக் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள். மீன் செவுளைப் பார்க்கிற மாதிரி அவள் பார்த்தது கலியமூர்த்திக்கு ரொம்பப் பிடித்தது. அப்புறம் ஓரத்தை விரலால் உடைத்தாள். அது உதிர்ந்தது.

"அங்கிள், அடி கொஞ்சமும் நனையல. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு இது வராது" என்றாள். கொஞ்சம் உப்பு அதிகம் என்றும் சொன்னாள். போடாத உப்புக்குக் காசு கொடுக்க மறுத்தது இங்கே வந்து நிற்கிறது என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் குறையும் சொல்கிறாளே, அப்படியென்றால் பாராட்டியதும் பொய்யாக இருக்காது என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சபாபதி சும்மா இருப்பாரா? இது சுபாங் ஜெயாவிலோ எங்கேயோ கடையில் வாங்கினதாக இருக்கும், பெட்டியை மாற்றிக் கொண்டுவந்திருப்பார் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அடுத்தவரை நம்பாமலே ஆயுளைக் கழித்த மனுஷனுக்கு, தன்னை ஒருவன் நம்பவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கலியமூர்த்தி அகன்ற தட்டில் இரண்டு கை மாவைக் கொட்டி, மண்டபத்து ஐஸ் பெட்டியிலிருந்து கட்டி மார்ஜரினை எடுத்து நறுக்கிப் போட்டு, எல்லாருக்கும் முன்னால் பிசிற ஆரம்பித்தார். உள்ளங்கை படாமல் பத்து விரல் நுனியும் ஓடின. மாவு மழைத் தூறல் மாதிரி விரலிலிருந்து விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சபாபதியும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் போய்விட்டது.

ஷாமினி கலியமூர்த்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொட்டி போடுறவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், அங்கிள். கை அழுத்தத்தான் போகும். உங்களுக்கு யாரு இதைச் சொன்னா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவள் தொழில் தெரிந்தவரிடம் கேட்டாள். ஆனால் கேள்வி விழுந்ததும் சபாபதி தலையைத் தூக்கினார்.

பெண்டாட்டி வீட்டு ஆள் என்ற நியாயம் கலியமூர்த்தியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நானே கண்டுபிடிச்சேன் என்று ஒரு வார்த்தை போதும். மண்டபமும் கல்லும் வரிசையும் அவருடையதாகவே இருக்கும். மண்டபத்து மூலையில் குழாயடியில் தங்கமணி காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததே தவிரக் கோப்பை எதுவும் கழுவப்படவில்லை. அவரிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என் வீட்டுக்காரி" என்றார் சத்தமாக. "நாலு மாவை வீணாக்கிட்டு நின்னேன். பிசையறீங்க, இது பிசிறற மாவுன்னு சொன்னா. அந்த ஒரு சொல்லுல வந்தது இது. அவ சொல்லலைன்னா எனக்கு வந்திருக்காது."

உண்மையில் வீணாக்கியது மூன்று. கூட ஒன்று சேர்த்துச் சொன்னார்.

சபாபதிக்குக் கிராணி புத்தி, சும்மா விடாது. "அப்ப சொல்லிக் குடுத்திருக்காங்க. நீங்க தோத்தீங்க அண்ணே."

"தோத்தேன். என் வீட்டுக்காரிகிட்டத் தோத்தேன். உங்ககிட்ட இல்ல." சொல்லிவிட்டுக் கையை உதறித் துணியில் துடைத்துக்கொண்டு, பலகைக்கு முன்னாலிருந்து நகர்ந்து, வரிசைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கல் காய்ந்துகொண்டிருந்தது. எண்பது உருண்டைகள் நெய்யில் பளபளத்தன. காலையிலிருந்து சாக்கடை வாரிய நாற்பது பேர் தட்டோடு நின்றார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு சபாபதியின் பக்கம் திரும்பியது. அவர் இருமிப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகள் வேறு பக்கம் பார்த்தாள். கடைசியில் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, அன்றைக்குக் கோபத்தில் பேசிவிட்டதாகவும், அடித்து வீசுகிற வேலை என்று சொன்னது தப்பு என்றும், எழுந்து வந்து போடும்படியும் சொன்னார்.

"சொன்னாச் சொன்னதுதான். இந்த மண்டபத்துல நான் மாவைத் தொட மாட்டேன்" என்றார் கலியமூர்த்தி. இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபமே இல்லை. கல்லுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதைவிட நன்றாகவே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போது குழாயடியிலிருந்து தங்கமணி வந்தாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. பலகைக்கு முன்னால் நின்று, ஒரு உருண்டையை எடுத்து நெய் தொட்டுத் தட்டினாள். அவர் மாதிரி வீசவில்லை. பலகையிலேயே விரல்களால் தள்ளித் தள்ளி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தாள். நாற்பத்தைந்து வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று ஒவ்வொரு இழுப்பிலும் தெரிந்தது. முதல் ரொட்டி வட்டமாக வரவில்லை, ஒரு பக்கம் கிழிந்தது. அதை மடித்துக் கல்லில் போட்டுச் சுட்டு எடுத்துச் சபாபதியின் தட்டில் வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். இரண்டாவது ஷாமினிக்குப் போனது. ஐந்தாவது ரொட்டி கிழியவில்லை. பத்தாவது ரொட்டிக்கு வரிசையில் நின்ற சீனக் கிழவர் "மொறுமொறு, ஆன்டி" என்று கேட்டார், தமிழில்தான் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

பதினைந்தாவதோ பதினாறாவதோ கலியமூர்த்திக்கு வந்தது. தங்கமணியே கொண்டுவந்து அவர் மடியில் தட்டை வைத்தாள், பக்கத்தில் பருப்புக் கறி ஊற்றி. வேறொருவர் போட்ட ரொட்டியை அவர் கடைசியாகத் தின்றது எப்போது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. ஓரத்தைக் கிள்ளி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நடுவில் தடிப்பு, ஒரு பக்கம் நெய் குறைவு. பிய்த்துத் தொட்டு வாயில் போட்டு மெதுவாக மென்றார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்; அவளுக்குப் பின்னால் கல்லும் வரிசையும் காத்திருந்தன.

"கொஞ்சம் தடிப்பு" என்றார்.

"தெரியும்" என்றாள்.

அவர் தட்டைத் துடைத்துத் தின்று முடித்துவிட்டு, தட்டோடு எழுந்து போய் வரிசையின் கடைசியில் நின்றார்.